கொப்புளத்துக்கு இரண்டு நாள் முன்னால்

பங்குனி மாதத்துப் புதன்கிழமை காலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றிய அம்மா அப்படியே நின்றுவிடுகிறார். மார்பில் நான்கைந்து சிவப்புப் புள்ளிகள். அவற்றில் ஒன்றின் நுனியில் பனித்துளிபோல நீர் கோத்திருக்கிறது. முந்தின இரவு உடம்பு கதகதவென்று இருந்தது. வெயிலில் ஆடிவிட்டு வந்ததால் என்று நினைத்திருந்தார். பாட்டி வந்து பார்க்கிறார். எதுவும் பேசவில்லை. பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துவரச் செய்து நிலைப்படியில் செருகுகிறார். அந்த நேரத்திலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, விருந்தாள் வரவு கிடையாது. இந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்குச் செய்தி போய்விட்டது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையன்று. தமிழ்நாட்டில் மாசி முதல் சித்திரை வரை எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த வீடு நம்மோடு வரட்டும்.

நிலைப்படியில் செருகிய வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படித்துவிடக்கூடிய பலகை. நோயாளியைத் தனியே வைப்பது, வெளியாட்களை நிறுத்துவது, வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது ஆகியவற்றை இன்றைய பொதுச் சுகாதாரம் தனிமைப்படுத்தல் என்கிறது. நம் பாட்டிகள் அதைப் பக்தியாகவும் வழக்கமாகவும் காத்து வந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சின்னம்மையைப் பொறுத்தவரை அதில் ஒரு குறை இருக்கிறது. அது வழக்கத்தின் குறையன்று, நாட்கணக்கின் குறை.

வேப்பிலை செருகியது புதன்கிழமை. வைரஸ் அந்த வீட்டைவிட்டுத் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டது.

திங்களன்று பையன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் மூன்று பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று மாலை ஐந்து மாதக் கர்ப்பிணியான சித்தி வந்து, அவனை மடியில் வைத்துக் கதை சொல்லிவிட்டுப் போனார். செவ்வாயன்று டியூஷன் வீட்டின் சின்ன அறையில் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருந்தான். இரவு, இரண்டு வயதுத் தங்கை அவன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். அப்போதெல்லாம் அவன் உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை. சின்னம்மை உள்ளவர், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதைத் தடுப்பது பற்றி இந்த அத்தியாயம் சொல்லப்போகும் எல்லாம் அந்த இரண்டு நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

பெரியம்மையின் நிழல்

சிச்சிலுப்பை, நீர்க்கொளுவான் என்றெல்லாம் தமிழ்நாட்டில் இந்த நோய்க்குப் பெயர்கள் உண்டு. ஈழத்தில் கொப்புளிப்பான் என்பார்கள். ஆனாலும் நம் மனத்தில் அம்மை என்ற சொல் எழுப்பும் அச்சம் சின்னம்மைக்கு உரியதல்ல. அது பெரியம்மை விட்டுச்சென்ற அச்சம். தாக்கியவர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேரைக் கொன்று, பிழைத்தவர்களின் முகத்தைத் தழும்பாக்கி, பலரின் கண்ணைப் பறித்த நோய் அது. சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கப்பட்ட கிங் நிறுவனத்தின் முதல் வேலையே பெரியம்மைக்கான தடுப்புப் பால் தயாரிப்பதுதான். 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதே நெடுங்காலம் தெளிவாகவில்லை. லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1767-இல் அங்குள்ள மருத்துவர் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். அவருடைய கவலை நடைமுறை சார்ந்தது. சின்னம்மை வந்து போன ஒருவர், தனக்குப் பெரியம்மை வந்து போய்விட்டது என்று நம்பிப் பெரியம்மை நோயாளியின் அருகே அச்சமில்லாமல் போய்விடக்கூடும். தவறான பெயரே உயிரைக் குடித்துவிடும்.

வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பெரியம்மையின் முத்துகள் முகத்திலும் கை கால்களிலும் நெருக்கமாக வரும். உள்ளங்கை, உள்ளங்காலையும் விடாது. ஒரே இடத்தில் உள்ளவை எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையோ மார்பிலும் முதுகிலும் மிகுந்து வரும். ஒரே நேரத்தில் ஒரு புள்ளி, ஒரு தடிப்பு, ஒரு நீர்க்கொப்புளம், ஒரு காய்ந்த பொருக்கு என்று எல்லாப் பருவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பூவும் பிஞ்சும் காயும் ஒரே கொடியில் இருப்பதுபோல.

நமது வீட்டு வழக்கங்களில் பல பெரியம்மைக் காலத்தில் உருவானவை. பெரியம்மையின் பொருக்குகளில் வைரஸ் நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். அதனால் உதிர்ந்ததைக் கூட்டி எடுத்து அப்புறப்படுத்தியதற்குப் பொருள் இருந்தது. சின்னம்மையின் காய்ந்த பொருக்கு நோயைப் பரப்பாது. மாறாக, முத்துத் தெரியும் முன்னரே சின்னம்மை பரவுகிறது. ஒரு நோய்க்காகக் கட்டிய வேலியை இன்னொரு நோய்க்கு வைத்திருக்கிறோம். வேலி நல்ல வேலிதான்; நோய் அதற்குள் அடங்குவதாக இல்லை.

வைரஸின் நாட்காட்டி

சின்னம்மையை உண்டாக்கும் வைரஸின் பெயர் வேரிசெல்லா சோஸ்டர். ஹெர்பீஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. மனித உடம்பைத் தவிர அதற்கு வேறு வீடு இல்லை. கோழிக்கும் இந்த நோய்க்கும் எந்த உறவும் கிடையாது. ஆங்கிலப் பெயரில் கோழி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூச்சோடு உள்ளே போகும் வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. பிறகு இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஏறிக்கொண்டு தோலை நோக்கிப் பயணிக்கிறது. இந்தப் பயணம் முடிந்து கொப்புளம் எழும்ப 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் 14 முதல் 16 நாள். எழும்பத் தொடங்கினால் அலையலையாக எழும்பும். தடுப்பூசி போடாத குழந்தையின் உடம்பில் பொதுவாக 250 முதல் 500 கொப்புளங்கள் வரை வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் தெளிநீரில் உயிருள்ள வைரஸ் நிறைந்திருக்கிறது. தோல் உரசும்போதும் சொறியும்போதும் அது காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றை மூச்சிழுத்தால் போதும், தொட வேண்டும் என்பதில்லை. இதனால்தான் மருத்துவமனைகளில் சின்னம்மை நோயாளியை, அறைக்காற்று தாழ்வாரத்துக்கு வராதபடி அமைத்த தனியறையில் வைக்கிறார்கள்.

எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டியதும் பரவல் நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் முதல் புள்ளி தோன்றியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். கொப்புளம் வாடிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நம் வழக்கம் இந்தக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. முடிவு நாளை நம் முன்னோர் கண்ணால் பார்த்துச் சரியாகவே கணித்தார்கள். தொடக்க நாள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத நாள்.

நம் வீட்டுக்கு வருவோம். சின்னம்மை வராதவர்கள் பத்துப் பேர் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால், ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்ளும். தங்கைக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் பெரும்பாலும் இருக்காது. அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி, நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு அவளுக்குப் புள்ளி எழும்பும். வீட்டுக்குள் இரண்டாவதாக நோய் வரும் குழந்தைக்குக் கொப்புளங்களும் கூடுதலாக இருப்பது வழக்கம். நெருக்கமாக இருந்து அதிக அளவு வைரஸை மூச்சில் வாங்கிக்கொள்வது அதற்கு ஒரு காரணம்.

தாத்தாவின் அக்கி, பேரனின் அம்மை

பையனுக்கு எங்கிருந்து வந்தது? பள்ளியில் யாருக்கும் இல்லை என்று ஆசிரியை சொல்கிறார். தெருவிலும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஊரிலிருந்து தாத்தா வந்து தங்கியிருந்தார். அவருடைய விலாப்புறத்தில் ஒரு பட்டைபோல வரிசையாகக் கொப்புளம், சொல்ல முடியாத எரிச்சல். அக்கி என்றார்கள். மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார். அக்கிக்கும் அம்மைக்கும் தொடர்பு இருக்கும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

தொடர்பைத் தேடி ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் பொது மருத்துவர் அவர். பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. தம்மிடம் வரும் குடும்பங்களையும் அவர்களின் நோய்க்குறிப்புகளையும் வைத்தே ஆராய்ந்தார். 1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகளில் தாம் கண்ட 192 அக்கி நோயாளிகளை ஒவ்வொருவராகக் குறித்துவைத்தார். சின்னம்மை பருவம் பார்த்து வருகிறது. அக்கி ஆண்டு முழுக்க ஒரே சீராக வருகிறது. சின்னம்மை ஊரில் பரவும்போது அக்கி கூடுவதில்லை. வயது ஏற ஏற அக்கி கூடுகிறது. வெளியிலிருந்து தொற்றும் நோய் இப்படி நடந்துகொள்ளாது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் உள்ள யெல் என்ற தீவுக்கும் அவர் போனார். வெளியூர்ப் போக்குவரத்து குறைந்த, ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகம். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று பின்னோக்கி நடந்து பார்க்க அப்படி ஒரு இடம்தான் தேவை. 1965-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். சின்னம்மை ஆறிய பிறகு வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ நோயிலோ உடம்பின் எதிர்ப்பு தளரும்போது, ஏதோ ஒரு நரம்பின் வழியே தோலுக்குத் திரும்பி வருகிறது. அந்த நரம்பு ஆளும் பட்டையில் மட்டும் கொப்புளம் எழும்புகிறது. அதுதான் அக்கி.

ஒரே மனிதருக்கு முதலில் வந்த சின்னம்மையின் வைரஸும் பிறகு வந்த அக்கியின் வைரஸும் ஒன்றே என்பதை 1984-இல் மரபணு ஒப்பீட்டால் உறுதி செய்தார்கள். சிற்றூர் மருத்துவரின் குறிப்பேடு சொன்னதை ஆய்வகம் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டது.

இதன் பொருள் பெரிது. தட்டம்மை வைரஸ் ஓயாமல் உலவிக்கொண்டிருக்க வேண்டுமானால் சில லட்சம் பேர் கொண்ட மக்கள்தொகை வேண்டும். சிறு தீவில் அது எல்லாரையும் தாக்கிவிட்டுத் தானே அணைந்துவிடும். சின்னம்மைக்கு ஆயிரம் பேர்கூட இல்லாத சமூகம் போதும். தாத்தாவின் நரம்பில் ஐம்பது ஆண்டு உறங்கிவிட்டு, புதிதாகப் பிறந்த பேரனுக்காக எழுந்து வரும். பெரியம்மையைத் தேடித் தேடி வளைத்து ஒழித்தது போலச் சின்னம்மையை ஒழிக்க முடியாமைக்குக் காரணம் இந்த உறக்கம்தான். ஒழிக்க முடியாத நோயைக் கட்டுப்படுத்த ஒரே வழி, அது வருமுன் உடம்பை ஆயத்தப்படுத்துவது.

தாத்தா அக்கிக் கொப்புளங்களைத் துணியால் மூடி, அவை காயும்வரை பேரக்குழந்தைகளிடமிருந்து சற்று விலகி இருந்திருந்தால், அந்தப் பங்குனி வேறு மாதிரி போயிருக்கும். அக்கி உள்ளவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மையாகத் தொற்றும். நம் ஊரில் இதை அறிந்தவர்கள் குறைவு.

ஹூஸ்டனில் ஓர் இரவு

ஜப்பானின் ஒசாகாவில் பிறந்த மிச்சியாகி தகாஹாஷி வைரஸ் ஆய்வாளர். அம்மைத் தடுப்பூசிகளின் அடிப்படைகளை அறிந்தவர். 1963-இல் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குக் குடும்பத்தோடு போனார். மறு ஆண்டு அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாகத் தாக்கியது. உடம்பெல்லாம் கொப்புளம், கொதிக்கும் காய்ச்சல், மூச்சுத் திணறல். அவரும் மனைவியும் இரவும் பகலும் அருகில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். வைரஸைப் பற்றி இத்தனை அறிந்தும் மகனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற அந்தத் தகப்பனின் தவிப்பு, ஒசாகா திரும்பிய பிறகு ஆராய்ச்சியாக மாறியது.

சின்னம்மை வந்த ஒரு மூன்று வயதுச் சிறுவனின் கொப்புள நீரிலிருந்து அவர் வைரஸை எடுத்தார். சிறுவனின் குடும்பப் பெயர் ஓகா. உலகெங்கும் இன்று போடப்படும் சின்னம்மைத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை அந்தப் பெயரையே தாங்கியிருக்கின்றன. அந்த வைரஸை மனித நுரையீரல் அணுக்களில் உடம்புச் சூட்டைவிடக் குறைந்த 34 டிகிரி செல்சியஸில் 11 முறை மாற்றி மாற்றி வளர்த்தார். பிறகு கினிப் பன்றியின் கருவணுக்களில் 12 முறை வளர்த்தார். பழகாத அணுக்களில் பிழைக்கக் கற்றுக்கொண்ட வைரஸ், மனிதத் தோலைச் சிதைக்கும் வல்லமையை இழந்தது. ஆனால் நம் எதிர்ப்பணுக்கள் அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு உயிரோடு இருந்தது.

1974-இல் 'லான்செட்' இதழில் வந்த அவருடைய முதல் அறிக்கை ஒரு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டைப் பற்றியது. அங்கே ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டது. சுற்றியிருந்தவர்கள் சிறுநீரகக் கோளாறு போன்ற நோய்களோடு படுத்திருந்த குழந்தைகள். சிலர் ஸ்டீராய்டு மருந்தில் இருந்தவர்கள். நோய் இதுவரை வராத 23 குழந்தைகளுக்கு உடனே தடுப்பூசி போட்டார்கள். அந்த வார்டில் சின்னம்மை பரவவில்லை.

இந்த நிகழ்ச்சி நம் இரண்டு நாள் சிக்கலுக்கு ஒரு விடை தருகிறது. வைரஸ் தோலை எட்ட இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. தடுப்பூசி தரும் எதிர்ப்பு அதைவிட விரைவாக உருவாகிறது. பின்னால் கிளம்பினாலும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோயாளியோடு பழகிய மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால், நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. புதன்கிழமை காலையில் நம் வீட்டின் இரண்டு வயதுத் தங்கைக்கு நேரம் இன்னும் கைநழுவவில்லை.

உயிருள்ள வைரஸை உடம்பில் ஏற்றினால் அதுவும் நரம்பில் ஒளிந்து பின்னாளில் அக்கியாக வருமே என்று அறிஞர்கள் பலர் அஞ்சினார்கள். அமெரிக்காவில் ஆன் கெர்ஷன் உள்ளிட்டோர் இரத்தப்புற்று நோயுள்ள குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள், தடுப்பூசி போட்டவர்களுக்கு அக்கி குறைவாகவே வருகிறது என்று காட்டின. ஜப்பான் 1986-இலும் அமெரிக்கா 1995-இலும் தடுப்பூசிக்கு உரிமம் தந்தன.

பாதி வேலியின் ஆபத்து

அமெரிக்காவில் தடுப்பூசிக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது. 10,500 முதல் 13,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 100 முதல் 150 பேர் இறந்தார்கள். ஒரு தவணை போட்டும் பள்ளிகளில் ஆங்காங்கே நோய் தலைகாட்டியதால் 2006-இல் இரண்டாம் தவணையைச் சேர்த்தார்கள். 25 ஆண்டு முடிவில் நோய் 97 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. தடுப்பூசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளிடமும் நோய் குறைந்தது. சுற்றியிருந்த பிள்ளைகள் தடுப்பாக நின்றார்கள்.

பிரிட்டன் நெடுங்காலம் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்கும் ஹோப்-சிம்ப்சனே ஒரு காரணம். பெரியவர்கள் அவ்வப்போது சின்னம்மைக் குழந்தைகளோடு பழகுவதால் அவர்களின் எதிர்ப்பு புதுப்பிக்கப்படுகிறது, நோயே இல்லாமற்போனால் அக்கி பெருகும் என்று அவர் கருதியிருந்தார். அமெரிக்காவின் நீண்ட அனுபவத்தில் அப்படி ஒரு பெரிய எழுச்சி நிகழவில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனின் வல்லுநர் குழு தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரி முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட அரசு முடிவெடுத்தது. தடுப்பூசி பிறந்த ஜப்பானிலேயே 2014-இல்தான் அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய வழக்கமான தடுப்பூசியாயிற்று.

இந்தியாவில் இதை எழுதும்வரை அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மைத் தடுப்பூசி இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் இரண்டு தவணைகளைப் பரிந்துரைக்கிறது. முதல் தவணை 15 மாதத்தில். தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை போட்டுக்கொள்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இதில் நியாயக் குறைவு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் ஓர் எச்சரிக்கை தந்தது. குழந்தைகளில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்குப் போட்டு, அந்த அளவைத் தொடர்ந்து காக்க முடிந்தால்தான் நாடு முழுவதற்குமான திட்டத்தைத் தொடங்க வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும் போட்டால் ஊரில் வைரஸின் நடமாட்டம் குறையும். போடாத குழந்தை ஏழு வயதில் சந்திக்க வேண்டிய நோயை இருபத்தைந்து வயதில் சந்திக்கும். பெரியவர்களிடம் சின்னம்மை கொடியது. அமெரிக்கக் கணக்கில், நோய் வந்த ஒரு லட்சம் பேரில் 1 முதல் 14 வயதுள்ளோரில் ஒருவரும், வயது வந்தோரில் 21 பேரும் இறந்தார்கள். பெரியவர்களுக்கு வைரஸ் நுரையீரலைத் தாக்கும் வாய்ப்பு அதிகம்.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் தடுப்பூசி இல்லாமலேயே இந்த நிலை இருக்கிறது. குளிர் நாட்டில் பள்ளி வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் வந்துபோகும் சின்னம்மை, இங்கே பலரை விட்டுவைத்து இளமையில் பிடிக்கிறது. வெப்பமும் ஈரமும் வைரஸை விரைவில் செயலிழக்கச் செய்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கல்லூரி விடுதி, செவிலியர் விடுதி, தொழிற்சாலைக் குடியிருப்பு எனப் பலர் சேர்ந்து தூங்கும் இடங்களில் ஒருவருக்கு வந்தால் அடுத்த பதினைந்தாம் நாள் ஆறு பேருக்கு வருவது இதனால்தான். தடுப்பூசி குழந்தைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 13 வயதுக்கு மேற்பட்டவர், நோய் வராதவராக இருந்தால், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் போடக் கூடாது. இது உயிருள்ள வைரஸ்.

யாருக்கு ஆபத்து, என்ன செய்வது

நலமாக உள்ள குழந்தைக்குச் சின்னம்மை பெரும்பாலும் ஒரு வாரத் தொல்லையோடு முடிந்துவிடும். நாம் கவலைப்பட வேண்டியது அந்தக் குழந்தையைச் சுற்றியுள்ள சிலரைப் பற்றி.

முதலில் கர்ப்பிணிகள். கருவுற்ற முதல் இருபது வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூற்றில் ஓரிரு கருக்களுக்குக் கை கால், கண், மூளை வளர்ச்சியில் ஊனம் ஏற்படலாம். தாயின் நுரையீரலுக்கும் ஆபத்து உண்டு. அடுத்து, பிறந்த குழந்தைகள். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குப் புள்ளி எழும்பினால், தாயின் எதிர்ப்பொருள் போய்ச் சேருமுன் வைரஸ் குழந்தையை எட்டிவிடும். உடனடி மருத்துவம் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் எடுப்பவர்கள். நான்காவது, இதுவரை நோய் வராத பெரியவர்கள்.

இவர்களுக்காகவே சில வழிகள் உண்டு. நோயாளியோடு பழகிய கர்ப்பிணிக்கு முன்பு சின்னம்மை வந்ததா என்று தெரியாவிட்டால், இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லையென்றால், பழகிய பத்து நாளுக்குள் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி போடலாம். பெரியவர்களுக்கும் ஆபத்தில் உள்ளவர்களுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து, முதல் புள்ளி கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். அம்மைக்கு மருந்து தொடக் கூடாது என்று காத்திருந்து ஐந்தாம் நாள் மூச்சுத் திணறலோடு ஓடுவதில்தான் உயிர்கள் போகின்றன. வைரஸ் அணுவுக்குள் பெருகுவதை நிறுத்தும் இந்த மருந்தின் பின்னணியில் உழைத்த கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னம்மையில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய்க்கு வழிவகுக்கும். இப்யூபுரோஃபனையும் தவிர்ப்பது நல்லது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கீறிய கொப்புளத்தில் சீழ்க்கிருமி புகுவதுதான் குழந்தைகளுக்கு அதிகம் நேரும் சிக்கல். வேப்பிலையால் மெல்ல வருடினால் அரிப்புக்கு இதம். அரைத்து அப்பினால் கொப்புளம் கிழிந்து அழுக்குச் சேரும். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம், அதனால் நோய் கூடாது. இளநீர், மோர், கூழ் எல்லாம் நல்லவை. ஆனால் காய்ச்சலில் துவண்ட குழந்தைக்குப் பத்தியம் என்ற பேரில் பருப்பையும் முட்டையையும் மறுக்க வேண்டியதில்லை. துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும்; கொழுப்புறை கொண்ட இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி, நடை தடுமாற்றம், எழுப்பினாலும் எழாத தூக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகு. பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எப்படியும் வரத்தானே போகிறது, வந்துவிட்டுப் போகட்டும் என்று நலமாக உள்ள குழந்தையை நோயாளியோடு விளையாட விடுவது வேண்டாம். எந்தக் குழந்தைக்கு எளிதாகப் போகும், எந்தக் குழந்தை மூச்சுக்குப் போராடும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஹூஸ்டனில் போராடியதும் நலமாக இருந்த குழந்தைதான்.

திங்களன்று வந்தவர்கள்

புதன்கிழமை காலைக்குத் திரும்புவோம். பாட்டி வேப்பிலையைச் செருகிவிட்டார். அது இருக்கட்டும். இனி வரப்போகிறவர்களை அது நிறுத்தும். ஏற்கெனவே வந்துபோனவர்களுக்குச் சொல்ல வேறொன்று வேண்டும்.

அம்மா செல்பேசியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருகிறார். திங்களும் செவ்வாயும் மகன் யார் யாரோடு இருந்தான் என்று விரல்விட்டு எண்ணுகிறார். முதல் அழைப்பு, பையனின் சித்தியான தன் தங்கைக்கு: "நீ சின்னப்புள்ளைல அம்மை போட்டுப் படுத்ததா எனக்கு ஞாபகமே இல்லடி. இன்னைக்கே டாக்டரம்மாகிட்ட போய் ரத்தம் பார்த்துக்க, திங்கக்கிழமை அவன உன் மடியில வெச்சிருந்தேன்னு மறக்காம சொல்லு." அடுத்தது வகுப்பு ஆசிரியைக்கு, அந்த வகுப்பில் புற்றுநோய் சிகிச்சை பெறும் பிள்ளையோ, வீட்டில் கர்ப்பிணி உள்ள பிள்ளையோ இருக்கலாம். பிறகு டியூஷன் அக்காவுக்கு. கடைசியாகக் குழந்தை மருத்துவருக்கு, மகளுக்கு இன்றே தடுப்பூசி போட முடியுமா என்று கேட்க.

நான்கு அழைப்புகள், இருபது நிமிடம். சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வைரஸ் இரண்டு நாள் முந்திக்கொண்டுவிட்டது. ஆனால் அது அடுத்த உடம்பின் தோலை எட்டப் பெரும்பாலும் இன்னும் பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பத்து நாளை வீணாக்காமல், வேப்பிலை ஆடும் வாசலில் உட்கார்ந்து அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாக அழைத்துக்கொண்டிருக்கிறார்.